உருளைக்கிழங்கு ரொட்டியில் சத்து எவ்வளவு? வீட்டுத் தராசில் ஒரு கணக்கு

லகான்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெல்பாஸ்ட் நகரில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்குள்ள காலை உணவுத் தட்டில் முட்டை, காளான், தக்காளி ஆகியவற்றுடன் தட்டையான கல்லில் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியும் தவறாமல் இருக்கும். 'ஃபாட்ஜ்' என்பது அதற்கு இவ்வூர்ப் பெயர். எங்களோடு வசிக்கும் என் மாமனாருக்கு வயது 71. இரண்டாம் வகை நீரிழிவு உண்டு. காலையில் இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி சாப்பிடுவது அவருடைய நீண்ட நாள் வழக்கம்.

வெள்ளை ரொட்டியைவிட உருளைக்கிழங்கு ரொட்டி சத்து மிகுந்தது என்று பக்கத்து வீட்டு அம்மையார் உறுதியாகச் சொல்கிறார். இணையத்தில் தேடியபோது ஒரே அட்டவணை பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. 32 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 85 கலோரி, 4 கிராம் புரதம், 2 கிராம் நார்ச்சத்து, 230 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதாக அது சொல்கிறது. இது உண்மையானால், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் உள்ளதைவிடக் கூடுதலான பொட்டாசியம் இரண்டு துண்டுகளிலேயே கிடைத்துவிடும். இதை நம்பி அவருடைய காலை உணவை மாற்றலாமா? சப்பாத்தி மிருதுவாக வர வேண்டும் என்பதற்காக என் அம்மா மாவில் வேகவைத்த கிழங்கைப் பிசைந்து சேர்ப்பார். அதனால் சத்தும் கூடுகிறதா என்று நான் அப்போது யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுமனையாளர் எழுதியது:

ஐயா, நீங்கள் ஒரே பெயரில் இரண்டு வேறு பண்டங்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் சத்தைப் பேசினால் விடை குழம்பிவிடும்.

உங்கள் ஊர் ஃபாட்ஜில் ஈஸ்ட் கிடையாது. 450 கிராம் வேகவைத்து மசித்த கிழங்குக்கு 100 கிராம் மைதா, 25 கிராம் வெண்ணெய், உப்பு என்பது வழக்கமான அளவு. வட்டமாகத் தட்டி, கால் வட்டங்களாக வெட்டி, கல்லில் இருபுறமும் சுடுவார்கள். கிழங்கு அடை என்று நாம் சொல்லத்தக்கது அது. மாவு கிழங்கைச் சேர்த்துப் பிடிப்பதற்காக மட்டுமே இருக்கிறது.

அமெரிக்கக் கடைகளில் மென்மையான 'பன்' வடிவிலும், செருமனியிலும் அங்கேரியிலும் பெரிய உருண்டை ரொட்டியாகவும் விற்கப்படுவது வேறு. அது ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைத்த கோதுமை ரொட்டிதான். கிழங்கு அதில் துணைப்பொருள். நான் செய்வது 500 கிராம் மைதாவுக்கு 250 கிராம் வேகவைத்த கிழங்கு. அதற்கு மேல் போனால் குளூட்டன் என்னும் கோதுமைப் புரதத்தின் வலை தளர்ந்து ரொட்டி எழும்பாது. தொழிற்கூடங்களில் பெரும்பாலும் உலர்த்திய கிழங்குத் தூளைச் சிறிதளவு மட்டுமே சேர்ப்பார்கள்.

தொழில் செய்பவன் என்ற முறையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். நாங்கள் கிழங்கைச் சேர்ப்பது சத்துக்காக அன்று. கிழங்கின் மாவுச்சத்து வேகும்போது நன்றாக உப்பித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் ரொட்டி மிருதுவாக இருக்கிறது; மூன்றாம் நாளும் வறண்டு போவதில்லை. உங்கள் தாயார் சப்பாத்தி மாவில் சேர்த்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

உணவியல் மாணவி எழுதியது:

அடுமனையாளர் ஐயா எடைகளைக் கொடுத்தது பெரிய உதவி. அவற்றை வைத்துக் கணக்கிட்டால் அந்த இணைய அட்டவணையின் நிலை தெரிந்துவிடும்.

தோல் நீக்கி வேகவைத்த 100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 86 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து, 1.7 கிராம் புரதம், 330 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளன. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மைதாவில் அதே 100 கிராமுக்கு ஏறத்தாழ 364 கலோரி, 10.3 கிராம் புரதம், 107 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளன.

இப்போது அட்டவணைக்கு வருவோம். 32 கிராம் துண்டில் 230 மில்லிகிராம் பொட்டாசியம் என்றால், 100 கிராம் ரொட்டியில் 718 மில்லிகிராம் இருக்க வேண்டும். வெறும் வேகவைத்த கிழங்கிலேயே 330 தான் இருக்கிறது! கிழங்கை மைதாவோடு கலந்து செய்த ரொட்டியில் கிழங்கைப் போல இரண்டு மடங்கு பொட்டாசியம் எங்கிருந்து வரும்? உலர்த்திய கிழங்குத் தூளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிகிராம் இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கொண்டு 718ஐ எட்ட வேண்டுமானால் ரொட்டியின் எடையில் பாதிக்கு மேல் கிழங்குத் தூளாகவே இருக்க வேண்டும். அப்படி ஒரு மாவு ரொட்டியாக எழும்பாது. உப்புக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றைச் சேர்த்திருந்தாலன்றி அந்த எண் வர வழியில்லை. புரதத்தின் கதையும் அப்படியே. துண்டுக்கு 4 கிராம் என்றால் 100 கிராமுக்கு 12.5 கிராம் ஆகிறது. மைதாவிலேயே 10.3 தான் இருக்கும்போது, தண்ணீரும் கிழங்கும் சேர்ந்த பிறகு அது கூடுவதற்குத் தனியாகக் குளூட்டன் சேர்த்திருக்க வேண்டும்.

அடுமனையாளர் ஐயாவின் அளவில் 200 மில்லி தண்ணீரும் 25 கிராம் வெண்ணெயும் சேர்த்து, சுட்ட பிறகு 880 கிராம் ரொட்டி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டேன். 100 கிராமுக்கு ஏறத்தாழ 250 கலோரி, ஆறரை கிராம் புரதம், 155 மில்லிகிராம் பொட்டாசியம், 2 கிராம் நார்ச்சத்து வருகின்றன. அதே மைதாவில் கிழங்கில்லாமல் சுட்டால் 263 கலோரி, 7 கிராம் புரதம், 70 மில்லிகிராம் பொட்டாசியம், 1.8 கிராம் நார்ச்சத்து. பொட்டாசியம் இரண்டு மடங்காகிறது என்று இதைப் பெருமையாகவும் சொல்லலாம். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதன் முன்னே 85 மில்லிகிராம் கூடுவது மிகச் சிறிது. புரதம் சற்றே குறைகிறது. கலோரி குறைவதற்குக் காரணம் ரொட்டியில் தண்ணீர் கூடியிருப்பது மட்டுமே.

ஃபாட்ஜ் இதிலிருந்து நன்றாகவே வேறுபடுகிறது. 100 கிராமுக்கு ஏறத்தாழ 170 கலோரி, 3.3 கிராம் புரதம், 290 மில்லிகிராம் பொட்டாசியம். அதன் சத்து ஏறக்குறைய கிழங்கின் சத்துதான். அதை ரொட்டியோடு ஒப்பிடுவதைவிட வேகவைத்த கிழங்கோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

லகான்கரை எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. அந்த அட்டவணையை நான் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு முதன்மையான கவலை சர்க்கரை. வெள்ளை ரொட்டியைவிட இது மெதுவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்துமா? கிழங்கை வேகவைத்துக் குளிரவைத்தால் அதன் தன்மை மாறிவிடும் என்றும் படித்திருக்கிறேன்.

உணவியல் மாணவி எழுதியது:

உணவுகள் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதைக் குளுக்கோஸை 100 எனக் கொண்டு அளக்கும் கிளைசீமிக் குறியீட்டின் பன்னாட்டு அட்டவணை 2008இல் வெளியானது. அதன் சராசரிகளில் வெள்ளை ரொட்டிக்கு 75, முழுக்கோதுமை ரொட்டிக்கு 74, வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 78, உடனடிக் கிழங்கு மசியலுக்கு 87, சப்பாத்திக்கு 52. இரண்டு உயர் எண்களைக் கலந்தால் தாழ்ந்த எண் கிடைக்காது. ஆகவே நீரிழிவு உள்ளவருக்கு வெள்ளை ரொட்டியைவிட இது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் குறிப்பிட்ட சப்பாத்தி அந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளிரவைப்பது பற்றிப் படித்ததில் உண்மை உண்டு. ஆனால் அதன் அளவைப் பலர் மிகைப்படுத்துகிறார்கள். வெந்த கிழங்கு குளிரும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதில் அமைலோஸ் எனப்படும் பகுதி இறுகிவிட்டால் நூறு டிகிரி வெப்பத்தில் இளகுவதில்லை. ரொட்டியின் உட்பகுதி நூறைத் தாண்டுவதும் இல்லை. எனவே அந்தப் பகுதி தப்பித்துக்கொள்ளும். ஆனால் கிழங்கின் மாவுச்சத்தில் பெரும்பங்கு அமைலோபெக்டின் என்னும் மற்றொன்று. அது மீண்டும் சூடானவுடன் இளகிவிடுகிறது. ஆகவே முந்தைய நாள் கிழங்கில் ஃபாட்ஜ் செய்வதால் சிறிய நன்மை கிடைக்கலாம். அதை நம்பி ஒரு துண்டு கூடுதலாக உண்ணும் அளவுக்கு அது பெரிதன்று.

உங்கள் மாமனாரின் தட்டில் முட்டையும் காளானும் உடன் இருக்கின்றன அல்லவா? எந்த ரொட்டி என்பதைவிட, அதன் அளவும் அதனோடு உண்ணும் புரதமும்தான் அவருடைய சர்க்கரையை அதிகம் தீர்மானிக்கும். வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால், உண்ட இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள்; மருந்து எடுப்பவரானால் மாற்றத்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வன்னிமகள் எழுதியது:

இந்த இழையில் பொட்டாசியம் கூடுவதை நன்மையாகவே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் அது அச்சம் தரும் சொல். என் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு நான்கு ஆண்டுகளாகின்றன. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்தும்படி மருத்துவர் சொன்ன நாளிலிருந்து உருளைக்கிழங்கு கறியை நிறுத்தினோம். ஆனால் கடையில் வாங்கிய மிருதுவான பாணில் (ரொட்டியில்) கிழங்கு மா சேர்ந்திருப்பதைப் பல மாதங்கள் கவனிக்கவே இல்லை. பாணில் கிழங்கு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? பொதியின் பின்புறத்துச் சிறிய எழுத்தை வாசித்த பிறகுதான் தெரிந்தது.

நோயாளிகளுக்குக் கிழங்கு கொடுக்க வேண்டியிருந்தால், தோலைச் சீவி, சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும்படி உணவு ஆலோசகர் எங்களுக்குக் கற்றுத் தந்தார். அப்படிச் செய்தால் பொட்டாசியத்தில் பாதியளவு தண்ணீரோடு போய்விடும் என்றார். முழுக்கிழங்காகத் தோலோடு அவித்தால் இந்தப் பயன் கிடைக்காது. ஆகவே லகான்கரை அண்ணா, உங்கள் மாமனாருக்கு நீரிழிவு நெடுநாளாக இருந்தால், கிழங்கைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனை முடிவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுமனையாளர் எழுதியது:

சகோதரி சொன்னது என் வழக்கத்துக்கு நேர் எதிரானது என்பதால் அதையும் இங்கே பதிகிறேன். நான் கிழங்கு வெந்த தண்ணீரைக் கொட்டுவதே இல்லை. ஆறவைத்து அதிலேயே மாவைப் பிசைவேன். அதில் கரைந்திருக்கும் மாவுச்சத்தும் தாது உப்புகளும் ஈஸ்ட்டுக்கு நல்ல உணவு. மாவு விரைவாகப் பொங்கும். கிழங்கிலிருந்து வெளியேறிய பொட்டாசியமும் அப்படியே ரொட்டிக்குத் திரும்பிவிடுகிறது. நலமாக உள்ளவர்களுக்கு இது நன்மையே. சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் இந்த முறை கூடாது என்பதை இதுவரை நான் என் வாடிக்கையாளர்களிடம் சொன்னதில்லை. இனிமேல் சொல்வேன்.

குளூட்டனைப் பற்றியும் ஒரு சொல். பெயரில் கிழங்கு இருப்பதால் இது கோதுமை இல்லாத ரொட்டி என்று எண்ணி வாங்க வருபவர்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு ஃபாட்ஜும் ஆகாது, பன்னும் ஆகாது. இரண்டிலும் கோதுமை உண்டு.

பழைய ஏடு எழுதியது:

சத்துக் கணக்குக்கு நடுவே சற்று வரலாறு சொன்னால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். அது இந்தக் கணக்கையே உறுதிப்படுத்துகிறது. ஐரோப்பாவில் ரொட்டிக்குள் கிழங்கு நுழைந்த காலங்களைப் பார்த்தால் பெரும்பாலும் கோதுமை அரிதான காலங்களாகவே இருக்கின்றன.

ஏழாண்டுப் போரில் பிரஷ்யாவிடம் சிறைப்பட்டு உருளைக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்த பிரெஞ்சு மருந்தியலாளர் பார்மாந்தியே, 1779இல் கோதுமை மாவு கலவாமல் கிழங்கைக் கொண்டே ரொட்டி செய்யும் முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1795இல் இங்கிலாந்தில் கோதுமை விலை கடுமையாக உயர்ந்தபோது, அங்கிருந்த வேளாண்மை வாரியம் கிழங்கு, பார்லி முதலியவற்றைக் கலந்து பலவகை ரொட்டிகளைச் சுட்டுச் சோதித்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இலேயே செருமனியில் ரொட்டி மாவில் கிழங்கைக் கலக்க அரசு ஆணையிட்டது. 'கே' என்ற எழுத்து பொறித்த அந்தப் போர்க்கால ரொட்டியைத்தான் நகரத்து மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். நம் காலத்திலும் 2008இல், உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியபோது, பெரு நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கும் படைவீரர்களுக்கும் சிறையில் இருப்போருக்கும் 'பாப்பாபான்' என்னும் கிழங்கு ரொட்டியை வழங்க ஏற்பாடு செய்தது. உருளைக்கிழங்கின் தாய்நிலமான ஆண்டிஸ் மலையின் உழவர்களுக்கு அது சந்தையும் தந்தது.

இவை எல்லாம் கோதுமையை மிச்சப்படுத்தச் செய்தவை. எனினும் அவற்றைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. வயிறு நிறையாதவனுக்கு முதல் சத்து கலோரிதான்.

உணவியல் மாணவி எழுதியது:

பழைய ஏடு ஐயாவின் செய்திகளுக்கு நன்றி. வறுமைக் காலத்து ரொட்டியில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு நன்மை இருந்திருக்கிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கிழங்குப் புரதம் அளவில் சிறிதாக இருந்தாலும் அதில் லைசின் நிறைவாக உள்ளது. 500 கிராம் மைதாவில் ஏறத்தாழ 1.1 கிராம் லைசின் இருக்கிறது. 250 கிராம் கிழங்கு இன்னும் கால் கிராம் தருகிறது. மொத்தப் புரதம் அதிகம் கூடாவிட்டாலும் அதிலுள்ள லைசின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பருப்பும் பாலும் முட்டையும் உண்பவருக்கு இது பொருட்டன்று. ரொட்டியை மட்டுமே உண்டு வாழ்ந்தவருக்குப் பொருட்டுதான்.

கிழங்கு சேர்ந்ததால் ரொட்டியின் சத்து உண்மையிலேயே பெரிதாக மாறிய இடம் ஒன்று உண்டு. அங்கே கிழங்கு வேறு. மொசாம்பிக் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளில் ஆரஞ்சு நிறச் சதையுள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து, கோதுமை மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றீடாகச் சேர்த்துப் 'பொன்னிற ரொட்டி' சுடுகிறார்கள். வைட்டமின் ஏ குறைபாடு உள்ள பகுதிகளில் அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டின் பிள்ளைகளின் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் துணை. இந்தக் கிழங்கைப் பரப்பியதற்காக லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தின் அறிவியலாளர் மூவர் 2016இன் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் சாதாரண உருளைக்கிழங்கில் பீட்டா கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு கிழங்குகளின் புகழையும் ஒன்றாகக் குழைத்துவிடும் கட்டுரைகளைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

நீலமலை எழுதியது:

உதகை அருகே கிழங்கு பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கிழங்கை வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

பச்சை நிறம் ஏறிய கிழங்கை ரொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். வெளிச்சம் பட்ட கிழங்கில் சொலனின் போன்ற நச்சுப்பொருள்கள் கூடுகின்றன. வேகவைப்பதாலோ சுடுவதாலோ அவை அழிந்துவிடுவதில்லை. மசித்துவிட்டால் பச்சைப் பகுதி கண்ணுக்கும் தெரியாது. கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதையும் தவிர்க்கலாம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரையும் கிழங்கில் இயல்பாகவே மிகுந்துள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது, புற்றுநோய் தரக்கூடும் எனக் கருதப்படும் அக்ரிலமைடு உருவாகிறது. 2002இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இதை உணவில் கண்டறிந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் ரொட்டிக்கும் வறுவலுக்கும் தனித்தனி வரையறைகளை நடைமுறைப்படுத்தியது. ரொட்டியின் உட்பகுதியில் இந்தச் சிக்கல் இல்லை, மேலோட்டில் மட்டுமே. கருகவிடாமல் பொன்னிறத்தில் எடுத்துவிட்டால் போதும். லகான்கரை ஐயா, ஃபாட்ஜைக் கொழுப்பில் இட்டுப் பழுப்பாகப் பொரிப்பதும் அங்கே வழக்கம் என்று கேள்வி. அதைக் கைவிட்டால் எண்ணெயும் மிச்சம், இதுவும் குறையும்.

லகான்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருடைய பதில்களையும் அச்சிட்டு மாமனாரிடம் கொடுத்தேன். அவர் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே படித்தார்.

முதலில் அடுமனையாளர் ஐயாவின் அளவில் ஒரு ரொட்டி சுட்டோம். 880 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 18 துண்டுகளாக வெட்டியபோது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 49 கிராம். நாங்கள் கடையில் வாங்கும் வெள்ளை ரொட்டித் துண்டின் எடை 36 கிராம்தான். உணவியல் மாணவியின் கணக்கைப் பொருத்தினால், கடைத் துண்டில் 95 கலோரி, எங்கள் துண்டில் 123 கலோரி. மாவுச்சத்து முறையே ஏறத்தாழ 18 கிராமும் 24 கிராமும். 100 கிராமுக்குக் கலோரி குறைவு என்று மகிழ்ந்திருந்த நான், தட்டில் இருப்பது துண்டு என்பதை மறந்திருந்தேன்! உப்பும் துண்டுக்கு அரை கிராமைத் தாண்டுகிறது. கிழங்கின் சுவை மட்டாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் போடத் தோன்றுகிறது என்பதையும் கவனித்தேன்.

பிறகு ஃபாட்ஜ். தண்ணீர் வற்றி 550 கிராம் இருந்த அடையை எட்டாக வெட்டினோம். துண்டு ஒன்றுக்கு 116 கலோரி, 21 கிராம் மாவுச்சத்து, 200 மில்லிகிராம் பொட்டாசியம், இரண்டு கிராமுக்குச் சற்று மேல் புரதம். சிறுநீரகப் பரிசோதனையில் குறை ஏதும் இல்லை என்று குடும்ப மருத்துவர் உறுதி செய்தார். வாரம் இரண்டு நாள், ஒரே ஒரு துண்டு, இரண்டு முட்டையோடும் தக்காளியோடும் கொடுக்கிறோம். மற்ற நாள்களில் சப்பாத்தி. ஃபாட்ஜ் உண்ட நாள்களில் இரண்டு மணி நேரத்துக்குப் பின் எடுத்த அளவுகள், முன்பு இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி உண்ட நாள்களில் இருந்ததைவிடக் குறைவாக உள்ளன. அளவு பாதியானதுதான் காரணம் என்று அவரே சொல்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மையாருக்கும் இரண்டு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மாவு சற்றுக் கூடிவிட்டது என்றார். அடுத்த முறை 90 கிராம் போட்டுப் பார்க்கப் போகிறேன். அடை பிரியாமல் வருமா என்று அடுமனையாளர் ஐயாதான் சொல்ல வேண்டும்.

அடுமனையாளர் எழுதியது:

வரும், ஐயா. கிழங்கை வடித்த பிறகு வெறும் பாத்திரத்திலேயே இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரத்தை வற்றவிடுங்கள். சூடு ஆறுவதற்குள் மசித்து, கை பொறுக்கும் சூட்டில் மாவைச் சேருங்கள். 80 கிராமிலேயே பிடித்துக்கொள்ளும்.